மூத்தவளுக்கு எடுத்த பொடவை

நான் தமிழ் டீச்சராக இருந்தவள். 'கடமை' என்று கரும்பலகையில் எழுதி, இதற்குப் பொருள் என்ன என்று எத்தனையோ வகுப்பில் கேட்டிருக்கிறேன். பொறுப்பு என்பார்கள் பிள்ளைகள், செய்தே ஆகவேண்டியது என்பார்கள். கடன் என்றாலும் கடமைதான் என்று சொல்லி அதற்குக் கீழே 'காலைக்கடன்' என்று எழுதினால் போதும், பின்பெஞ்சு உருண்டு புரண்டு சிரிக்கும். "இன்னாடா இளிப்பு? நீங்கள்ளாம் போறதே இல்லியா?" என்று நானும் சேர்ந்து சிரித்துவிட்டு நேர்த்திக்கடனுக்குப் போய்விடுவேன். ஆனால் 'கடனே என்று' என்பதை மட்டும் நான் எழுதினதில்லை. வாக்கியத்தில் அமைத்து எழுதுக என்று கேள்வித்தாளில் வந்தால்கூட, நீங்களே எழுதுங்கள் என்று தாண்டிப் போய்விடுவேன். அந்தச் சொல்லை என் சித்தி என்னை வைத்தே வாக்கியத்தில் அமைத்துவிட்டாள். அது என் காதில் விழுந்தும் விட்டது. அவள் என்னை ஆசையாக வளர்த்தாளா, இல்லை கடனே என்று வளர்த்தாளா? எனக்குத் தலை நரைத்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சித்தி என்றால் எனக்கு அவள் இரண்டு விதத்திலும் சித்தி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, அப்பாவுக்கு இரண்டாவது சம்சாரம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. காணி நிலம் கிடையாது, அப்பாவும் சித்தியும் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போய்த்தான் குடும்பம் நடந்தது. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சித்தி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாளாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாலு நாள் வந்துவிட்டுப் போகட்டும் என்று கூட்டிவந்தார்கள். வந்தவளை அப்படியே மணையில் உட்கார வைத்துத் தாலி கட்டவைத்துவிட்டார்கள். வேற எவளாவது வந்தா கொழந்தைய அடிச்சே கொன்னுடுவா, ஒரே ரத்தம்னா பாசம் இருக்கும், அக்கா புள்ளய வளக்கறது உன் கடமை என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்களாம். அவளை ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. 

எங்கள் பக்கத்தில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பொம்பளை அந்த வீட்டுக்குச் சாமி. பூவாடைக்காரி என்போம். வருஷத்துக்கு ஒரு தரமும், வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னாலும் அவளைக் கிணற்றடியில் பம்பை அடித்து அழைக்க வேண்டும். தண்ணீரிலிருந்து ஏறி வருவாள் என்று நம்பிக்கை. அவளுக்குப் புதுப்பொடவை, பூ, வளையல், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்துப் படைப்போம். வீட்டுப் பொம்பளை யார் மேலாவது இறங்கி ஆடி, குறை இருந்தால் சொல்லுவாள். அவளுக்குப் படைத்த பொடவையை அந்த வீட்டுப் பொம்பளைதான் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் அம்மா. அவள் பொடவையைக் கட்டிக்கொள்ள சித்தியை விட்டால் வேறு ஆள் இல்லை.

அம்மாவுக்கு மாம்பழக் கலர் பிடிக்குமாம், அரக்குக் கரை போட்டது. அப்பா வருஷா வருஷம் அதையேதான் எடுப்பார். கூலிக்காரன் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நல்ல பொடவை எடுப்பதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிடும். தீபாவளிக்குச் சித்திக்கு எடுக்கலையா என்று யாராவது கேட்டால், "அதான் பூவாடைக்கு எடுத்தமே" என்பார். வேலைக்குப் போகும்போது கட்டுகிற பழசும் முன் வருஷங்களில் அம்மாவுக்குப் படைத்ததுதான். சித்தி எங்கள் வீட்டில் கட்டின பொடவை அத்தனையும் செத்துப்போனவளுக்கு எடுத்த பொடவை.

அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. சித்தி அச்சு அசல் அக்காதான் என்று பார்த்தவர்கள் சொல்லுவார்கள். அதனால் அம்மா முகம் என்று நான் நினைத்துக்கொள்வதெல்லாம் சித்தி முகம்தான். வெயில் தாழ்ந்த நேரத்தில் சித்தி தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, அந்த மாம்பழக் கலரில் கிணற்றடியில் நிற்பாள். நான் பின்னாலிருந்து பார்ப்பேன். அம்மாதான் ஏறி வந்துட்டாளோ என்று அப்படியே நிற்பேன். திரும்பினால் சித்தி. "இன்னாடி பேயறைஞ்சவளாட்டம் நிக்கற? கொடத்தத் தூக்கு" என்பாள். சில நாள் அவள் திரும்பிப் பேசின பிறகும் எனக்குச் சந்தேகம் போகாது.

அந்தச் சொல் என் காதில் விழுந்தது நான் ஆறாவது படிக்கும்போது. லீவு நாளில் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கிறவர்களுக்குக் கூழ் கொண்டுபோனேன்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். வரப்பில் வரும்போதே பக்கத்து வீட்டுக்காரி சித்தியிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"பெத்தவ கூட இப்படிப் பாக்க மாட்டாம்மா. நீ நல்லா பாத்துக்கற."

சித்தி தலை நிமிரவில்லை. "இன்னாத்த பாத்துக்கறது. கடனேன்னு வளத்துக்கினு கெடக்கறன்."

கூழ்த் தூக்கை வரப்பிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சாயங்காலமானதும் கிணற்றடிக்குத்தான் போனேன். எனக்கு அம்மா ஊர் அதுதானே! கைப்பிடிச் சுவரில் வயிற்றைக் கொடுத்துக் கவிழ்ந்து, "எம்மா, சித்தி என்ன கடனேன்னு வளக்கறாளாம். நீ வந்து இன்னான்னு கேளு" என்று சொல்லி அழுதேன். அதுவரைக்கும் நான் பரீட்சையில் வாங்கின மார்க்கு, விழுந்து அடிபட்டது என்று எல்லாவற்றையும் அங்கேதான் போய்ச் சொல்லுவேன். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோள் சொன்னது.

அந்த வருஷம் பூவாடை அழைக்கும்போது பம்பை அடிக்க ஆரம்பித்ததுமே சித்தி மேல் வந்துவிட்டது. முடி அவிழ்ந்து, கண் மேலே செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். ஒவ்வொரு வருஷமும் பார்ப்பதுதான், ஆனால் அன்றைக்கு அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"கெணத்துல வந்து கோள் சொன்னவ எங்க? முன்னால வாடி."

 என் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, பின்னாலிருந்து என்னைப் பிடித்துத் தள்ளினாள். சாமி என் முகவாயைப் பிடித்துத் தூக்கியது.

"கடனேன்னு சொன்னாளா எந் தங்கச்சி? சொல்லுவா. சொல்லட்டும். வேளைக்கு சோறு போட்டாளா?"

"போட்டா."

"தல பின்னி வுட்டாளா?"

"வுட்டா."

"அப்பறம் இன்னாடி?"

அப்புறம் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், கிணற்றில் சொன்னது ஒன்றும் வீணாகவில்லை என்று எனக்கு ஒரே நடுக்கம், ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு தண்ணி மொள்ளும்போதுகூட எட்டிப் பார்க்கப் பயந்தேன். கிணற்றடிக்குப் பக்கத்துப் பூவரச மரத்துக்குப் பின்னால்தான், வேலை விட்டு வந்ததும், சித்தி விராட்டி தட்டுவாள். அந்த வயசில் எனக்கு அது தோன்றவில்லை.

நான் பெரியவளானதும் படிப்பை நிறுத்துவது என்று முடிவாயிற்று. கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய் ஒன்பதாவது சேரவேண்டும். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு இன்னா பஸ்ஸு கேக்குது?" என்றாள் அத்தை. கரும்பு வெட்டுக்கு என்னையும் கூட்டிப்போனால் கூட ஒரு கை ஆயிற்று என்று அப்பாவுக்கும் கணக்கு. சித்தி சோறு போட்டுக்கொண்டே, "படிக்கட்டுமே, நல்லாத்தான படிக்குது" என்றாள். ஒரே ஒரு தரம்தான் சொன்னாள்.

"நீ சும்மா கெட. பெத்தவளா நீ?" என்றார் அப்பா.

சித்தி சோற்றுப் பானையை மூடி வைத்தாள். எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. கடனேன்னு வளக்கறவ தானே, வாயத் தொறந்து ஒரு சண்டை போட்டாளா பார் என்று உள்ளுக்குள் கருவிக்கொண்டேன். புஸ்தகத்தை எல்லாம் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று.

பூவாடைக்கு அந்த வருஷம் மலையில் நல்ல மழை, கிணறு மேலே வந்திருந்தது. பம்பைக்காரர் இரண்டு சுற்றுகூட அடிக்கவில்லை, சித்தி எகிறிக் குதித்தாள். அவளைப் பிடிக்க நாலு பொம்பளைகளால் முடியவில்லை. நேராக அப்பா முன்னால் போய் நின்றாள்.

"எம் பொண்ணு படிப்ப நிறுத்தறியாமே? நிறுத்து. நிறுத்திட்டு இந்த வூட்டுல எப்படி வெளக்கு ஏத்தறன்னு பாக்கறன்."

அப்பாவுக்கு நாக்கு குழறிவிட்டது. "தெரியாம செஞ்சிட்டன் தாயே."

"கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா எடம் வெச்சிருக்கா. போய் சேத்து வுடு. பஸ்ஸுக்குத் தொணையா நான் வருவன்."

அப்பா தடாலென்று அவள் காலில் விழுந்தார். சும்மா கெட என்று எவளைச் சொன்னாரோ அவள் காலிலேயே விழுந்தார். அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ரொம்ப நாளைக்கு பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் அங்கே அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று தள்ளியே உட்காருவேன். யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

படித்து, டீச்சர் வேலையும் கிடைத்தது. முதல் சம்பளத்தில் சித்திக்கு ஒரு பொடவை எடுத்தேன். கடையில் நான் யோசிக்கவே இல்லை, கை தானாக மாம்பழக் கலருக்குப் போயிற்று. கொடுத்ததும் பிரித்துப் பார்த்தாள். "அக்கா கலரு" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

அதற்கும் சில வருஷம் கழித்து, சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் அந்தப் பழைய பெரிய டீச்சரம்மாவைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகியிருந்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை, ஊர் பேரைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

"உங்க சித்தி எப்படிம்மா இருக்காங்க? அன்னிக்கு மழையில தொப்பலா நனைஞ்சிக்கினு வந்து நின்னாங்களே! எடம் மட்டும் வெச்சிருங்க, எப்படியும் கொண்டாந்து சேத்துடறன்னு. வூட்டுல ஒத்துக்குவாங்களான்னு கேட்டேன். அத எங்க அக்கா பாத்துக்கும்னாங்க. உங்க பெரியம்மா ரொம்ப செல்வாக்கோ?"

 எனக்குப் பெரியம்மா என்று யாருமே கிடையாது. சித்திக்கு அக்கா என்றால் அது என் அம்மா ஒருத்திதான்.

அன்றைக்கே ஊருக்குப் போனேன். சித்தி முற்றத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அன்னிக்கு அம்மா வந்துச்சா, நீயா ஆடினியா?"

உரித்துக்கொண்டே இருந்தாள். "நான் பேசினா இந்த வூட்டுல யாரு கேட்டாங்க? அக்கா பேசினா கேட்டாங்க."

"அப்ப நீதானா?"

"வாக்கா, வந்து சொல்லுக்கான்னு கூப்புடுவன். வந்தாளோ வரலியோ, எனக்கு இன்னா தெரியும்? பம்பை அடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது. வாயில வந்துச்சி, சொன்னன்." இன்னொரு மல்லாட்டையை உடைத்துக்கொண்டே, "சொல்ல வேண்டியதுதான வந்துச்சி" என்றாள்.

விட்டிருக்கலாம். எனக்கு விடுகிற புத்தி கிடையாது. மல்லாட்டைக் கொல்லையில் அவள் சொன்னது, நான் கேட்டது, எல்லாவற்றையும் சொல்லி, "கடனேன்னா வளத்த என்ன?" என்று கேட்டேன்.

அவள் இல்லை என்று சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்? அவள் கையிலிருந்த தோலைத் தட்டிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. கடனேன்னுதான் வளத்தன். பொய்யா சொல்லச் சொல்ற? ஒன்ன வளக்கறியான்னு என்னக் கேட்டா கட்டி வெச்சாங்க? எட்டாவது அரப்பரீட்சகூட எழுதல நானு. வந்த புதுசுல நீ அழுவுற சத்தம் கேட்டாலே எங்கனா ஓடிப் பூடலாமான்னு இருக்கும். அப்பறம் ஆச வந்துச்சி. நடுவுல வராத நாளும் இருந்துச்சி. வராத நாளும் ஒனக்கு சோறு ஆக்கினன் இல்ல? தல பின்னினன் இல்ல? அதுக்குப் பேரு வேற இன்னா?"

 தமிழ் டீச்சராம் தமிழ் டீச்சர். அவள் கேட்டதற்கு என்னிடம் சொல் இல்லை.

"சரி, ஒனக்குன்னு சாமி வாயில ஒருவாட்டியாவது எதனா கேட்டிருக்கலாமே" என்றேன்.

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடி. எங்க அக்கா எனக்காவ எதுக்கு வந்து கேக்கப் போறா?"

சித்தி செத்துப்போனது ஒரு ஐப்பசி மழையில். காய்ச்சல் என்று படுத்தவள், நாலாம் நாள் எழுந்திருக்கவில்லை. அப்பா இருக்கும்போதே, பூவும் பொட்டுமாகப் போனாள். "குடுத்து வெச்ச மவராசி" என்று பொம்பளைகள் மாறி மாறிச் சொன்னார்கள். எனக்கு ஒவ்வொருத்தி வாயிலும் மண்ணள்ளிப் போடலாம் போல இருந்தது. என்னத்தைக் கொடுத்து வைத்தாள் அவள்? கட்டிக்கொண்டு போனதும் மாம்பழக் கலர்தான்.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. முதலில் பூவாடை அழைக்க வேண்டும். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "மூத்தவளுக்கு ஒரு பொடவ எடு, போதும். எளையவ எப்பவும் அதத்தான கட்டிக்கினு இருந்தா" என்றாள்.

"ரெண்டு பேரும் இந்த வூட்டுச் சாமிதான். ரெண்டு பொடவதான் எடுப்பன்" என்றேன். நான் போட்ட சத்தத்தில் அப்பாவே கிளம்பிக் கூட வந்துவிட்டார்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எப்போதும் எடுக்கிற கடை. அம்மாவுக்கு எடுக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. மாம்பழக் கலர், அரக்குக் கரை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாயிற்று.

"அடுத்தது யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"எங்க சித்திக்கு."

"அவங்களுக்கு இன்னா கலரு புடிக்கும்ங்க?"

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. அவர் நீலத்தைப் பிரித்தார், பச்சையைப் பிரித்தார், வெங்காயக் கலர், ராமர் பச்சை, கத்திரிப்பூ என்று பாய் முழுக்கப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் சித்தியை நிறுத்திப் பார்க்கிறேன், ஒன்றிலும் அவள் நிற்கமாட்டேன் என்கிறாள். மாம்பழக் கலரில்தான் வந்து நிற்கிறாள், அதுவும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கேட்டேன். அவளோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவர் அவர்தானே!

"அவளுக்கா?" என்று யோசித்தார். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்து, பெருமையாக, கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அவளுக்கு எதக் குடுத்தாலும் கட்டிக்குவாம்மா. இது வேணும் அது வேணும்னு வாயத் தொறந்து கேட்டவளே இல்ல."

அவர் குறை சொல்லவில்லை, மனசாரப் புகழ்ந்தார். எனக்குத்தான் அந்தக் கடையிலேயே அழுகை வந்துவிட்டது. மகள்தான் பச்சையில் ஒன்றைத் தள்ளி, "இது நல்லா இருக்கும்மா, போலாம்" என்றாள்.

கிணற்றடியில் இரண்டு தாம்பாளத்தில் இரண்டு பொடவை. பம்பைக்காரர் மூத்தவளை அழைத்தார், இளையவளை அழைத்தார், கை ஓய்கிற வரைக்கும் அடித்தார். யார் மேலும் வரவில்லை. எப்படி வரும்? எங்கள் வீட்டில் இன்னொருத்திக்காக ஆடினவள் அவள் ஒருத்திதான். அவளுக்காக ஆட யார் இருக்கிறார்கள்?

பம்பைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு தாயும் நெறவா இருக்காங்கம்மா. கொற இருந்தா வந்து சொல்லியிருப்பாங்க. கல்யாணத்த ஜாம் ஜாம்னு நடத்துங்க."

எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். பச்சைப் பொடவையை நான் கட்டிக்கொண்டு வந்ததும், கற்பூரம் காட்டிவிட்டு ஆளாளுக்குத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் மட்டும் பின்தங்கினேன். சின்ன வயசில் செய்த மாதிரியே கைப்பிடிச் சுவரில் வயிற்றைக் கொடுத்துக் கவிழ்ந்து, "சித்தி, ஒனக்கு இன்னா கலரு புடிக்கும்?" என்று கேட்டேன்.

கடனேன்னாவது அவள் ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.